எலி பிடிக்க ஜாக் ரஸ்ஸல் நாய் வாங்கலாமா?

திருவாரூர் மாவட்டத்திலிருந்து வாசகி ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வி:

"எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நெல் நிலம். வீட்டை ஒட்டி மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர், பதினைந்து நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. இரண்டு வருடமாக எலித் தொல்லை தாங்க முடியவில்லை. வயலில் கதிரை வெட்டுகிறது, வீட்டில் நெல் மூட்டையைக் கடிக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் மகன், ஜாக் ரஸ்ஸல் என்ற சின்ன வெளிநாட்டு நாய் எலிகளை அடுத்தடுத்துப் பிடித்துப் போடும் காட்சியைக் கைப்பேசியில் காட்டினான். ஒரு குட்டி வாங்கலாம் என்கிறான். விலையோ ஒரு நல்ல ஆட்டின் விலையைவிட அதிகம். வீட்டில் மகளின் மூன்று வயதுக் குழந்தையும் இருக்கிறது. வரப்பில் எலி மருந்து வைப்பதை நிறுத்த மாட்டேன் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். இந்த நாயை வாங்கலாமா, வேண்டாமா?"

இந்தக் கடிதத்தில் நாயின் விலையைவிடப் பெரிய விஷயம் அந்த எலி மருந்துதான். எலி பிடிக்கும் நாயும் எலி மருந்தும் ஒரே வீட்டில் இருக்க முடியாது. அது ஏன் என்று புரிய, முதலில் இந்த நாய் எந்த ஊரில், எந்த வேலைக்காக உருவானது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பாதிரியார் உருவாக்கிய நாய்

இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கிறது டெவன் மாவட்டம். மேடும் பள்ளமுமான புல்வெளிகள், ஆட்டு மந்தைகள், வேலிப் புதர்கள் நிறைந்த பகுதி. அங்கே 1795-ல் பிறந்தவர் ஜான் ரஸ்ஸல். அவரைச் சுருக்கமாக ஜாக் என்று அழைத்தார்கள். ஸ்விம்பிரிட்ஜ் என்ற கிராமத்தில் ஏறத்தாழ 50 ஆண்டுகள் பாதிரியாராக இருந்து, 1883-ல் இறந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பிரசங்கம் செய்பவர், மற்ற நாட்களில் குதிரை ஏறி நரி வேட்டைக்குப் போய்விடுவார்.

ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1819-ல், பால்காரர் ஒருவரிடமிருந்து ஒரு பெட்டை நாயை அவர் வாங்கினார். அதன் பெயர் டிரம்ப். வெள்ளை உடம்பு, கண்ணையும் காதையும் சுற்றிப் பழுப்புத் திட்டு, வால் அடியில் ஒரு காசு அகலத்துக்குப் பொட்டு. இந்த இனத்துக்கு அடித்தளம் என்று சொல்லப்படுவது அந்த நாய்தான். பிற்காலத்தில் அதன் ஓவியம் ஒன்று அரச குடும்பத்தின் சாண்ட்ரிங்காம் மாளிகைக்குப் போனது.

அந்தக் கால நரி வேட்டையில் பெரிய வேட்டை நாய்கள் கூட்டமாக நரியைத் துரத்தும். நரி தப்பித்து மண் வளைக்குள் புகுந்துவிட்டால் பெரிய நாய்களால் உள்ளே போக முடியாது. அப்போது குதிரைக்காரரின் பையிலிருந்து சின்ன நாயை இறக்கிவிடுவார்கள். அது வளைக்குள் நுழைந்து, இருட்டில் நரியின் முகத்துக்கு நேரே நின்று குரைத்து, நரியை வெளியே விரட்ட வேண்டும். நரியைக் கொல்வது அதன் வேலை அல்ல. கொன்றுவிட்டால் வேட்டை அங்கேயே முடிந்துவிடும். டெரியர் என்ற சொல்லே மண் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை ஏவி நரி வேட்டையாடுவது 2004-ம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. எலியை நாய் வைத்துப் பிடிக்க அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதனால்தான் அங்கே பண்ணைகளில் இன்றும் டெரியர்களை வைத்து எலி பிடிக்கிறார்கள். கைப்பேசியில் வலம் வரும் காட்சிகளில் பல இத்தகைய பண்ணைகளில் எடுத்தவை.

உடம்பும் குணமும்

எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச நாய் இன அமைப்பு ஜாக் ரஸ்ஸலை 2000-ல் தனி இனமாக ஏற்றது. அதன் அளவுகோல்படி உயரம் 25 முதல் 30 செ.மீ., எடை 5 முதல் 6 கிலோ. முன்னங்காலுக்குப் பின்னே மார்புச் சுற்றளவு 40 முதல் 43 செ.மீ. ஒரு ஆள் இரண்டு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடிக்க முடிய வேண்டும் என்பது பழைய கணக்கு. நரி வளைக்குள் நுழைய அந்த அளவு தேவைப்பட்டது. கால் சற்று நீண்ட, 33 முதல் 36 செ.மீ. உயரமுள்ள உறவு இனத்துக்குப் பார்சன் ரஸ்ஸல் என்று பெயர்.

உடம்பில் வெள்ளைதான் அதிகம் இருக்கும். கறுப்பு அல்லது பழுப்புத் திட்டுகள் இருக்கலாம். மண்ணோடு கலங்கிய நரி நிறத்தில் நாய் இருந்தால் வேட்டைக்காரர் குழம்பிவிடுவார் என்பதால் வெள்ளையைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். முடி வழுவழுப்பாகவோ, சொரசொரப்பாகவோ, இரண்டும் கலந்தோ வரும்.

குணத்தைப் பொறுத்தவரை மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. ஒன்று, இது தோண்டும். இரண்டு, ஓடுவது எதுவானாலும் துரத்தும். மூன்று, குரைக்கும். நரி வளைக்குள் மனிதன் கட்டளை கேட்காத இடத்தில் தானே முடிவெடுத்து நிற்க வேண்டிய நாய் இது. அதனால் அறிவும் பிடிவாதமும் சேர்ந்தே இருக்கும். வாங்கியவர்கள் "செடியை எல்லாம் தோண்டுகிறது, சொன்னால் கேட்பதில்லை, ஓயாமல் குரைக்கிறது" என்று அலுத்துக்கொள்வதுண்டு. நாய் கெட்டுப்போய்விட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. இருநூறு ஆண்டுகளாக எதற்காக வளர்க்கப்பட்டதோ அதைத்தான் அது செய்கிறது.

வரப்பில் உதவாது, கொட்டகையில் உதவும்

நெல் வயலில் அதிகம் தொல்லை தரும் கரம்பை எலி வரப்பில்தான் வளை போடும். வளையின் வாய் சுமார் மூன்று அங்குலம் இருக்கும். நரி வளைக்குள் நுழையும் நாய் இதற்குள் நுழைய முடியாது. அப்போது அது என்ன செய்யும்? எலி வாசனை பிடித்துவிட்டால் இரண்டு முன்னங்கால்களாலும் வரப்பைத் தோண்டும். சில நிமிடத்தில் வரப்பு உடைந்து கட்டிய நீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும். எலியோ வேறு வாய் வழியாக வெளியேறியிருக்கும். பயிர் நிற்கும் வயலில் இந்த நாயை அவிழ்த்துவிடுவது எலியைவிட அதிகச் சேதம் தரும்.

அறுவடை முடிந்து, நிலம் காய்ந்த பிறகு கதை வேறு. வரப்பை எப்படியும் வெட்டிச் சீர்செய்ய வேண்டிய காலம் அது. ஆள் மண்வெட்டியோடு வளையை வெட்டிக்கொண்டு போக, வெளியே பாயும் எலியை நாய் பிடிக்கும். எந்த வளையில் எலி இருக்கிறது, எது வெறும் வளை என்பதை மோப்பம் பிடித்துக் காட்டும். வேலை பாதியாகக் குறையும்.

வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, விறகு அடுக்கு, நெல் மூட்டை வைத்திருக்கும் அறை ஆகியவைதான் இந்த நாய் உண்மையில் பயன்படும் இடங்கள். அங்கேயும் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டால் எலி ஒழியாது. மூட்டைகளை நகர்த்த வேண்டும், போரைப் பிரிக்க வேண்டும், எலி ஓடும் வழியில் நாயை நிறுத்த வேண்டும். நாய் எலியைக் கழுத்தில் கவ்வி ஒரு உதறு உதறும், எலி நொடியில் செத்துவிடும். அடுத்த எலிக்குப் பாயும்.

எலியின் கர்ப்ப காலம் ஏறத்தாழ மூன்று வாரம்தான். ஒரு ஈற்றில் ஆறு, எட்டு என்று குட்டி போடும். ஒரு நாய் ஒரு வீட்டின் எலியைக் குறைக்கும். ஊரின் எலியைக் குறைக்க முடியாது. வரப்பைக் குறுகலாகவும் தாழ்வாகவும் வைப்பது, களையையும் புல்லையும் அகற்றுவது, தஞ்சாவூர் கிட்டி வைப்பது, ஆந்தை உட்கார டி வடிவக் கம்புகளை நடுவது, இவற்றை ஊர்கூடி ஒரே நேரத்தில் செய்வது ஆகியவைதான் வயல் எலிக்கு வழி. நாய் அதற்குத் துணை மட்டுமே.

நாயும் எலி மருந்தும்

கடைகளில் கிடைக்கும் எலி மருந்துகளில் இரண்டு வகை அதிகம் புழங்குகிறது. இரண்டும் நாயை வேறு வேறு விதத்தில் கொல்லும்.

முதல் வகை ஜிங்க் பாஸ்பைடு. சாம்பல் கலந்த கறுப்புத் தூள். அரிசி அல்லது பொரியோடு எண்ணெய் சேர்த்துக் கலந்து வைப்பார்கள். வயிற்றுக்குள் போனதும் அங்குள்ள அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற விஷ வாயுவாக மாறும். பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள்ளாகவே நாய் வாந்தி எடுக்கும், மூச்சு வாங்கும், வலிப்பு வரும். இதற்கென்று தனியாக முறிவு மருந்து இல்லை. எண்ணெய் மணத்துக்காக நாயே கலவையைத் தின்றுவிடலாம். செத்த எலியின் வயிற்றில் மிச்சமிருக்கும் மருந்தும் ஆபத்துதான்.

இரண்டாவது வகை புரோமடையலோன். கட்டியாகவோ, கலந்த தீனியாகவோ கிடைக்கும். இது ரத்தம் உறைவதைத் தடுக்கும். இதைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் நடமாடும். அந்த நாட்களில் அது தளர்ந்து மெதுவாக ஓடும். அந்த எலிதான் நாயின் வாயில் முதலில் சிக்கும். மருந்து எலியின் ஈரலில் தங்கியிருப்பதால், அத்தகைய எலிகளைத் தொடர்ந்து தின்னும் நாய்க்கும் விஷம் ஏறும். முதல் மூன்று நான்கு நாள் ஒன்றுமே தெரியாது. பிறகு நாய் சோர்ந்து படுக்கும். ஈறு வெளுக்கும், மூக்கிலோ ஈறிலோ ரத்தம் கசியும், சாணம் தார் போலக் கறுப்பாக வரும். இதற்கு வைட்டமின் கே1 என்ற முறிவு மருந்து உண்டு. ஆனால் பல வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். நாய் தேறிவிட்டது என்று இரண்டு நாளில் நிறுத்தினால் மறுபடி ரத்தம் கசியும்.

5 கிலோ நாய்க்கு விஷம் ஏற எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுவதில் பயனில்லை. ஒரு பெரிய நாயைத் தளரவைக்கும் அளவு இந்தச் சின்ன உடம்பைச் சாய்த்துவிடும்.

விஷம் தின்றதாகச் சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது:

• மருந்துப் பொட்டலம் அல்லது அதன் மேலுறையை எடுத்துக்கொண்டு நாயை உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். எந்த மருந்து என்பது தெரிந்தால்தான் சரியான சிகிச்சை தொடங்கும்.

• பால், முட்டை, எண்ணெய், சோறு எதுவும் கொடுக்கக் கூடாது. ஜிங்க் பாஸ்பைடு தின்ற நாய்க்குத் தீனி கொடுத்தால் வயிற்றில் அமிலம் கூடி விஷ வாயு அதிகமாகும்.

• உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியிலிருந்து வரும் வாயு மனிதருக்கும் கெடுதல். மூடிய அறையிலோ கண்ணாடி ஏற்றிய காரிலோ நாயை வைக்கக் கூடாது.

• கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 என்ற எண்ணில் அழைத்து வழி கேட்கலாம்.

வீட்டில் மருந்தை நிறுத்தினால் மட்டும் போதாது. பக்கத்து வயலில் வைத்தால் அந்த எலி வரப்புத் தாண்டி வந்து சாகும். ஊரில் மருந்து வைக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதன் பிறகு குறைந்தது இரண்டு வாரமாவது நாயைக் கயிற்றோடுதான் வெளியே கூட்டிப்போக வேண்டும். காலையில் வயலைச் சுற்றிச் செத்த எலிகளைப் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும். ஆந்தை, பூனை, கோழிக்கும் அதுவே பாதுகாப்பு.

எலிக் காய்ச்சலும் பாம்பும்

எலியின் மூத்திரத்தில் இருக்கும் கிருமியால் வருவது எலிக் காய்ச்சல். தேங்கிய நீர், சேறு, ஈர வைக்கோல் வழியாக நாய்க்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் பரவும். காய்ச்சல், வாந்தி, கண்ணும் ஈறும் மஞ்சளாவது, மூத்திரம் குறைவது ஆகியவை நாயில் தெரியும் அறிகுறிகள். நோயுற்ற நாயின் மூத்திரத்திலிருந்து வீட்டாருக்கும் தொற்றலாம். எலி பிடிக்கும் நாய்க்கு எலிக் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். குட்டிக்கு இரண்டு முறையும் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் போட வேண்டும். பிடித்த எலியை நாய் தின்ன விடக் கூடாது. எலியைக் கையில் எடுப்பவர் பாலித்தீன் பையையோ கையுறையையோ மாட்டிக்கொள்ள வேண்டும்.

எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். மற்ற நாய் குரைத்துவிட்டு விலகும் இடத்தில் டெரியர் முன்னே பாயும். கடி பெரும்பாலும் முகத்திலும் முன்னங்காலிலும் படும். கட்டுப்போடுவது, கீறிவிடுவது, பச்சிலை அரைத்துக் கொடுப்பது ஆகியவற்றில் நேரம் போக்காமல், நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு விஷ முறிவு ஊசி இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உடும்பு, கீரி, முயல், நரி ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. நாயை ஏவி அவற்றைப் பிடிப்பது குற்றம். கீரியும் சாரைப் பாம்பும் எலி பிடிப்பதில் எந்த நாய்க்கும் குறைந்தவை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

குழந்தை, கோழி, வேலி

ஜாக் ரஸ்ஸல் வீட்டாரிடம் ஒட்டிக்கொள்ளும், விளையாடும், பயமறியாதது. ஆனால் வாலைப் பிடித்து இழுத்தாலோ தீனித் தட்டில் கை வைத்தாலோ பொறுத்துப்போகும் நாய் அல்ல, வெடுக்கென்று கவ்விவிடும். நாயை எப்படித் தொடுவது என்று சொன்னால் புரிந்துகொள்ளும் வயதுப் பிள்ளைகளுக்குத்தான் இது ஏற்றது. மூன்று வயதுக் குழந்தையையும் இந்த நாயையும் பெரியவர் பக்கத்தில் இல்லாமல் ஒரு நிமிடம்கூட விடக் கூடாது.

கோழி சிறகடித்து ஓடினால் நாயின் கண்ணுக்கு அது எலிதான். குட்டியாக இருக்கும்போதே கயிற்றில் பிடித்துக் கோழிகளுக்கு நடுவில் தினமும் உட்கார வைத்துப் பழக்கலாம். அப்படிப் பழகிய நாய்களும் உண்டு. ஆனாலும் குஞ்சுகளோடு தனியாக விட்டுப்போகும் அளவுக்கு நம்பக் கூடாது.

நாலடிச் சுவரைத் தாண்டும், வேலிக்கு அடியில் தோண்டி வெளியேறும். கம்பிவலை போட்டால் அடிப்பக்கத்தை ஒரு அடி ஆழத்துக்கு மண்ணில் புதைத்து, உள்பக்கமாக மடக்கி விட வேண்டும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டால் குரைத்தே தீர்க்கும். தினமும் ஒரு மணி நேரமாவது நடையும் ஓட்டமும் வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்னும், சாய்ந்த பிறகும் கூட்டிப்போக வேண்டும். இது குளிர் நாட்டு நாய். சித்திரை வெயிலில் துரத்திக்கொண்டே இருந்தால் மயங்கி விழும், தானாக நிறுத்தத் தெரியாது. நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும்.

இரண்டு சொற்களை முதல் மாதத்திலேயே பழக்க வேண்டும். "வா" என்றால் எதைத் துரத்திக்கொண்டிருந்தாலும் திரும்ப வேண்டும். "விடு" என்றால் வாயில் இருப்பதைக் கீழே போட வேண்டும். சரியாகச் செய்த நொடியில் ஒரு துண்டு கறியோ முட்டையோ கொடுத்தால் விரைவில் கற்றுக்கொள்ளும். அடித்தால் ஒளிந்துகொள்ளவும் கடிக்கவும்தான் கற்கும். எலி மருந்து புழங்கும் ஊரில் "விடு" என்ற சொல் நாயின் உயிரைக் காக்கும்.

குட்டி வாங்கும்போது

எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பதை 2017-ம் ஆண்டு நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகள் அனுமதிப்பதில்லை. விற்பவர் பதிவு செய்தவரா என்று கேட்க வேண்டும். தாய் நாயை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. தாய் பயந்து ஒடுங்கினாலோ காரணமின்றிச் சீறினாலோ குட்டியும் அப்படி வர வாய்ப்பு உண்டு.

வெள்ளை அதிகமுள்ள நாய்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு. குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பார்க்கலாம். பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் தத்தித் தத்தி ஓடினால் முழங்கால் சில்லு விலகியிருக்கலாம். இந்த இனத்தில் கண் வில்லை இடம் பெயரும் பரம்பரை நோயும் உண்டு. அது பெரும்பாலும் மூன்று வயதுக்கு மேல் வரும். கண் திடீரென்று சிவந்து, கலங்கி, நாய் கண்ணை மூடிக்கொண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டினால்தான் பார்வை மிஞ்சும். பெற்றோர் நாய்களுக்கு இதற்கான மரபணுச் சோதனை செய்திருக்கிறதா என்று கேட்கலாம்.

தீனியும் தடுப்பூசியும்

வளர்ந்த, நன்றாக ஓடும் 6 கிலோ நாய்க்கு நாளைக்குச் சுமார் 450 கலோரி போதும். இதைக் காலை, மாலை என்று இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். சோறு மட்டும் போட்டால் ஊளைச்சதை வைக்கும். முட்டை, கோழிக்கறி, மீன் என்று புரதம் வேண்டும். விலாவைத் தடவினால் எலும்பு கையில் படவேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு ஆகியவை கூடாது. மனிதருக்கான காய்ச்சல், வலி மாத்திரைகளைப் பாதியாக உடைத்துக்கூடக் கொடுக்கக் கூடாது.

ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி போட வேண்டும். மூன்று, நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை திரும்பப் போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும், பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் அடுத்த ஊசிகளும் வரும். குடற்புழு மருந்தை மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். வாரம் இரண்டு முறை முடியைச் சீவி, காதுமடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் உண்ணி பார்க்க வேண்டும். எலி பிடித்த நாளில் முகத்திலும் உதட்டிலும் கடி இருக்கிறதா என்று பார்த்துச் சோப்பு நீரில் கழுவ வேண்டும்.

நல்ல பராமரிப்பில் இந்த நாய் 13 முதல் 16 வருடம் வாழும்.

அப்படியானால் வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அந்த வீட்டில் மூன்று விஷயம் மாறினால் மறுபடி யோசிக்கலாம். முதலாவது, எலி மருந்து. வீட்டுக்காரர் மருந்தை விட்டுக் கிட்டிக்கு மாறச் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காத வீட்டில் நாய் முதல் போகத்தைத் தாண்டுவதே சந்தேகம். இரண்டாவது, குழந்தை. இன்னும் மூன்று, நான்கு வருடம் பொறுத்தால் குழந்தைக்கும் விவரம் வந்துவிடும். மூன்றாவது, ஆள். குட்டி கேட்பவர் விடுதியில் இருக்கிறார். அவர் விடுமுறை முடிந்து கிளம்பிய மறுநாள் விடிகாலையில் நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்கப்போவது யார் என்பதற்கு வீட்டில் பதில் வேண்டும். பெரும்பாலும் அது, ஏற்கனவே மாட்டையும் கோழியையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ளும் அம்மாவாகத்தான் இருக்கும்.

அதுவரை நாய் வாங்க எடுத்து வைத்த பணத்தில் ஒரு பகுதியை நெல் வைக்கும் அறைக்குச் செலவிடலாம். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் மரச்சட்டம், சுவரிலிருந்து தள்ளி மூட்டை அடுக்கு, கதவின் அடியில் தகரம், ஓட்டைகளுக்குச் சிமெண்ட். இவற்றுக்கு விஷமும் வேண்டாம், தீனியும் வேண்டாம்.

மேலும் சில கேள்விகள்

கேள்வி: ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை நாய்கள் எலி பிடிக்காதா?

பதில்: அவை வெட்டவெளியில் கண்ணால் பார்த்துத் துரத்தும் ஓட்ட நாய்கள். எதிரே ஓடும் எலியைப் பிடிக்கும், ஆனால் மூட்டைச் சந்தில் மூக்கை நுழைத்து மணிக்கணக்கில் காத்திருப்பது அவற்றின் இயல்பு அல்ல. வீட்டு எலிக்கு ஒரு நல்ல பூனையோ சுறுசுறுப்பான நாட்டு நாயோ போதும். எலி மருந்து விஷயத்தில் அவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான்.

கேள்வி: வால் வெட்டாத குட்டி தூய ஜாக் ரஸ்ஸல் இல்லை என்கிறார்களே?

பதில்: தவறு. வால் வெட்டுவது பழைய வேட்டைக்காரர் வழக்கம். வளைக்குள்ளிருந்து நாயைப் பிடித்து இழுக்க ஒரு கைப்பிடி அளவு வாலை மட்டும் விட்டுவைத்தார்கள். இன்று நரி வளைக்குள் இறங்காத நாய்க்கு அந்த வலி தேவையில்லை. முழு வாலோடு இருப்பதும் தூய இனம்தான்.

கேள்வி: மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்து மீதம் இருக்கிறது. நாய்க்குப் போடலாமா?

பதில்: கூடாது. மாட்டுக்கான ஊசியும் தெளிப்பு மருந்தும் நூற்றுக்கணக்கான கிலோ எடைக்குக் கணக்கிட்டவை. 6 கிலோ நாய்க்கு ஒரு சொட்டு கூடினாலும் வலிப்பு வரலாம். நாயின் எடையைச் சொல்லி, நாய்க்கென்று இருக்கும் மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும். நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒரு முறை வெந்நீரில் அலசி வெயிலில் போட்டாலே உண்ணி பாதி குறையும்.